கூரைமேல் ஒரு நாற்காலி: பத்தி எழுத்தாளர் சாம் லேசி பற்றிப் பேசுவோம்

மேசைவிளக்கு:
வேறோர் இழையில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "விளையாட்டுப் பத்தி எழுதுகிறவருக்கு அப்படி என்ன வேலை? அடுத்தவர் ஆடியதைப் பார்த்து எழுதுவதுதானே?" அதற்குப் பதிலாகத்தான் இந்த இழை. நான் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தத் தொழிலில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், அழகான நடை எழுதிய நாலைந்து பேரைச் சொல்லலாம். ஆனால் என் வாயில் முதலில் வரும் பெயர் சாம் லேசி. நம் பக்கத்தில் இவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் எழுதியது பேஸ்பால் பற்றி, அதுவும் பெரிய பத்திரிகைகளில் இல்லை.

1903-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா கறுப்பினத்தவர், அம்மா ஷின்னகாக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். வளர்ந்தது வாஷிங்டனில். வீட்டிலிருந்து ஐந்து தெரு தள்ளி கிரிஃபித் ஸ்டேடியம். பையனாக இருக்கும்போதே அங்கேதான் கிடப்பார். வீரர்கள் பயிற்சி செய்யும்போது பந்து பொறுக்கிப் போடுவது, அவர்களுக்குக் கடைக்குப் போய் வருவது, ஆட்ட நேரத்தில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பகுதியில் தின்பண்டம் விற்பது என்று பொழுது போகும். வெள்ளையர் அணியான வாஷிங்டன் செனட்டர்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில் அதே களத்தில் கறுப்பின அணிகள் ஆடும். இரண்டு ஆட்டத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு யார் யாருக்குச் சளைத்தவர் என்பதை வேறு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அவருடைய அப்பா செனட்டர்ஸ் அணியின் தீவிர ரசிகர். வருடா வருடம் பருவத்தின் முதல் நாள் வீரர்கள் ஊர்வலமாக மைதானத்துக்கு வருவார்கள். 79 வயதில் அந்தப் பெரியவர் கையில் குட்டிக் கொடியோடு தெருவோரம் நின்று, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாழ்த்தியிருக்கிறார். அவர் பெயர் சொல்லி அழைத்த ஒருவர் அவர் முகத்தில் துப்பிவிட்டுப் போனார். பெரியவர் அதற்குப் பிறகு ஏழு வருடம் உயிரோடு இருந்தார். ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. மகன் இதைப் பல வருடம் கழித்து, தன் முதுமையில்தான் வெளியே சொன்னார்.

அந்த மகன் 1930-களில் வாஷிங்டன் ட்ரிப்யூன் என்ற சிறிய கறுப்பினப் பத்திரிகையில் விளையாட்டு ஆசிரியரானார். பிறகு சிகாகோவில் கொஞ்ச காலம். 1944 ஜனவரியில் பால்டிமோர் ஆஃப்ரோ அமெரிக்கன் பத்திரிகைக்கு வந்தார். சாகும்வரை, 2003 வரை, அங்கேயே எழுதினார். கிட்டத்தட்ட அறுபது வருடம். அந்தப் பத்திரிகையை 1892-ல் தொடங்கியவர் ஜான் மர்ஃபி, அடிமையாகப் பிறந்தவர்.

பேஸ்பாலில் இருந்த நிறத்தடையை உடைக்கப் பத்து வருடத்துக்கும் மேல் விடாமல் எழுதியவர் லேசி. இவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஜெர்சிவாசி:
ஐயா, நல்ல இழை. நான் இங்கே இருபது வருடமாக பேஸ்பால் பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தடை என்னவென்று நம்மவர்களுக்குப் புரிய வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் "கறுப்பினத்தவர் ஆடக் கூடாது" என்று பெரிய லீக் (வெள்ளையர் அணிகள் மட்டும் ஆடிய உச்ச லீக்) எழுதி வைக்கவில்லை. நம் ஊரில் ஊர்க்கட்டுப்பாடு என்போமே, அதே ஜாதி. எழுத்தில் இருக்காது, ஆனால் ஒருவரும் மீற மாட்டார்கள். கேட்டால் "அப்படி ஒரு விதியே இல்லையே" என்று கையை விரிப்பார்கள். பேஸ்பாலின் தலைமை ஆணையர் லேண்டிஸ் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதியிருந்தால் நீதிமன்றம் போகலாம், எழுதாததை எப்படி உடைப்பது? பத்தி எழுதுகிறவனுக்கு அங்கேதான் வேலை வருகிறது.

1937 டிசம்பரில் லேசி நேராக செனட்டர்ஸ் முதலாளி கிளார்க் கிரிஃபித்திடம் போய் உட்கார்ந்து கேட்டார். உங்கள் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறதே, இங்கேயே இருக்கும் நல்ல வீரர்களை எடுத்தால் என்ன என்று. கிரிஃபித் பொறுமையாகத்தான் பேசினார். ஒற்றை ஆளைக் கொண்டுவந்தால் சுற்றியிருப்பவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள், அதைவிடக் கறுப்பினத்தவர் தங்கள் லீகையே வலுவாக்கிக்கொள்ளட்டும் என்றார். பிறகு வந்த வருடங்களில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற கறுப்பின அணி அவருடைய மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடியது. ஜாஷ் கிப்சன், பக் லெனர்ட் போன்ற மலைகள் ஆடிய அணி அது. வாடகை கிரிஃபித்துக்குப் போனது. தன் மைதானத்தில் ஆடும் அந்த இரண்டு பேரையும் எடுத்திருந்தால் அவர் அணியே மாறியிருக்கும். செனட்டர்ஸ் முதல் கறுப்பின வீரரை இறக்கியது 1954-ல்தான், கார்லோஸ் பாவ்லா என்ற கியூபாக்காரர். லேசி கேட்டது 1937. பதினேழு வருடம்.

மூன்றாம் ஸ்லிப்:
இதைப் படித்ததும் எனக்கு பல்வங்கர் பாலூ ஞாபகம்தான் வந்தது. புனாவில் இந்து கிளப்புக்கு ஆடிய தலித் வீரர், இடக்கைச் சுழல்பந்து வீச்சாளர். களத்தில் எல்லோரும் அவர் தொட்ட பந்தைத் தொடுவார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். 1911-ல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து வந்தார். அதற்குப் பிறகும் அவரை அணித் தலைவராக்க மனம் வரவில்லை. அவர் காலத்தில் வாராவாரம் இதை எழுதி நச்சரிக்க ஒரு லேசி இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தேரிக்காடு:
ஐயா, நான் தொழிலுக்குப் புதிது. தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சாம் லேசியைப் பற்றித் தேடியபோது ஒரு சம்பவம் கண்ணில் பட்டது. எனக்கு அது செரிக்கவில்லை. நீங்கள் யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன்.

வில்மெத் சிதாத் சிங். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் கால்பந்து, கூடைப்பந்து நட்சத்திரம் (அமெரிக்கக் கால்பந்து). பெயரைப் பார்த்தால் பஞ்சாபி என்று தோன்றும். ஆனால் அவர் கறுப்பினப் பெற்றோருக்கு வாஷிங்டனில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட, அம்மா சாமுவேல் சிதாத் சிங் என்ற இந்திய வம்சாவளி மருத்துவரை மணந்தார். அவர் பையனைத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார். அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் இந்தியாவோடு தொடர்புள்ள எவரும் "இந்து"தான். ஆகவே இவரையும் இந்து என்றே எழுதினார்கள். அந்தப் பெயர் ஒரு கேடயமாக இருந்தது. கறுப்பினத்தவரோடு ஆட மாட்டோம் என்று அடம்பிடித்த தென்பகுதிக் கல்லூரிகள் "இந்து"வோடு ஆடின.

1937 அக்டோபரில் சிரக்யூஸ் அணி மேரிலாண்டோடு பால்டிமோரில் ஆட வந்தது. ஆட்டத்துக்குச் சற்று முன்னால் லேசி தன் பத்திரிகையில் உண்மையை எழுதினார். இவர் இந்து அல்ல, நம் ஊர்க் கறுப்பினப் பையன் என்று. மேரிலாண்ட், அவர் இறங்கினால் ஆட மாட்டோம் என்றது. சிரக்யூஸ் பணிந்தது. அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு ஆடித் தோற்றது, 13–0.

அந்தப் பையனுக்கு அன்று 19 வயது. அவனைக் கேட்காமல், அவன் வாழ்க்கையை எடுத்துத் தலைப்புச் செய்தியாக்க ஒரு பத்திரிகையாளருக்கு என்ன உரிமை? மன்னிக்க வேண்டும், எனக்கு இது கோபத்தைத்தான் தருகிறது.

மேசைவிளக்கு:
மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதல் பதிவில் இதை விட்டது சரியில்லை. இப்போது மறைக்காமல் சொல்கிறேன், நான் லேசி பக்கம் நிற்கிறேன். ஆனால் எளிதாக நிற்கவில்லை.

அவருடைய வாசகர் யார் என்று யோசியுங்கள். வாஷிங்டனில் இருந்த கறுப்பின மக்கள். அந்தப் பையன் பிறந்த ஊர், அவன் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இருக்கும் தெரு. அவர்களுக்கு இது ரகசியமே இல்லை. நம் பிள்ளை இவ்வளவு பெரிய பல்கலைக்கழக அணியை நடத்துகிறான், ஊர் முழுக்க அவனை வேறு யாராகவோ நினைத்துக் கைதட்டுகிறது என்றால் அந்த மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் திறமை நம் மக்கள் கணக்கில் சேராமல் போகிறதே என்பதுதான் லேசியின் ஆதங்கம். பொய்ப் பெயரில் ஒருவன் உள்ளே போனால் கதவு அவனுக்கு மட்டும்தான் திறக்கிறது. பின்னால் வருபவனுக்கு மூடியேதான் இருக்கும்.

தேரிக்காடு:
ஐயா, அது வாதம். அந்தப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நிஜம்.

கணக்கு டீச்சர்:
இரண்டு பேரையும் படித்தேன். பள்ளியில் 30 வருடம் பிள்ளைகளைப் பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சான்றிதழில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகத் தன் சாதியைச் சொல்லி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். விடுதியில், நண்பர்கள் வீட்டில், கேட்டவர்களிடம் வேறொரு பெயர். அது அந்தப் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட குடை. அதை நான் ஒருநாளும் இழுத்துக் கீழே போட்டதில்லை. போடவும் மாட்டேன்.

ஆனால் இங்கே குடை பிடித்தது அந்தப் பையனா, பல்கலைக்கழகமா? அவர் தன்னை இந்து என்று சொல்லிக்கொண்டு திரிந்தாரா? அதைச் சொல்லுங்கள். அது தெரியாமல் இந்தக் கணக்கு தீராது.

ஜெர்சிவாசி:
அக்கா, நான் படித்தவரை அந்த "இந்து" வேஷத்தை விரும்பி மாட்டி வைத்தது பல்கலைக்கழகமும் பத்திரிகைகளும்தான். பெயர் அவருடைய வளர்ப்புத் தந்தை அன்போடு கொடுத்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பெயரிலிருந்து ஒரு வசதியான கதையைக் கட்டிக்கொண்டவர்கள் மற்றவர்கள்.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த வருடம், 1938-ல், மேரிலாண்ட் சிரக்யூஸ் ஊருக்கு வந்து ஆட வேண்டியிருந்தது. இந்த முறை அவர் இறங்கினார். சிரக்யூஸ் 53–0 என்று வென்றது. அப்போது அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெயருக்குப் பின்னால் ஒளியாமல் ஆடி வாங்கிய வெற்றி அது.

படிப்பு முடிந்ததும் தொழில்முறைக் கால்பந்தில் அவருக்கு இடமில்லை. கூடைப்பந்தில் கறுப்பின அணிகளுக்கு ஆடினார், வாஷிங்டன் காவல்துறையில் சேர்ந்தார், பிறகு போர் விமானியாக டஸ்கீகியில் பயிற்சி எடுத்தார். 1943 மே மாதம் பயிற்சிப் பறப்பில் எந்திரம் பழுதாகி ஹியூரான் ஏரியின் மேல் குதித்து இறந்தார். 25 வயது. மேரிலாண்ட் பல்கலைக்கழகம் அந்தக் குடும்பத்திடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2013-ல்.

கணக்கு டீச்சர்:
இருபத்தைந்து வயது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தேரிக்காடு:
ஜெர்சி அண்ணே, நன்றி. என் கோபம் பாதி குறைந்தது. முழுதாகக் குறையவில்லை. மேரிலாண்ட் செய்ததற்கு மேரிலாண்டும், சிரக்யூஸ் பணிந்ததற்கு சிரக்யூஸும்தான் பொறுப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நானாக இருந்தால், எழுதுவதற்கு முன் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன்.

மேசைவிளக்கு:
தட்டியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன் தம்பி. அதில் உங்கள் பக்கம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மனிதர் யாருக்காகவும் வளைந்து கொடுக்காதவர். பெரிய லீகின் நிறத்தடையை உடைத்து உள்ளே போன கறுப்பின வீரர், தான் கொண்டாடிய ஜாக்கி ராபின்சனையே விட்டுவைக்கவில்லை. 1948-ல் பயிற்சி முகாமுக்கு ராபின்சன் உடம்பு போட்டு, மந்தமாக வந்தபோது, உலகமே அவரைத் தூக்கி வைத்திருந்த நேரத்தில், கடிந்து எழுதியவர் லேசி. நம்மவர் என்பதற்காக ஒரு வார்த்தை குறைக்கவில்லை. 1937-ல் செய்ததும் 1948-ல் செய்ததும் ஒரே குணத்திலிருந்து வந்தவை. ஒன்றுக்காகப் பாராட்டும்போது இன்னொன்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

மூன்றாம் ஸ்லிப்:
ராபின்சன் விஷயத்தை யாராவது விரிவாகச் சொல்லுங்களேன். லேசியின் பங்கு அதில் என்ன? எல்லாப் பெருமையும் அவரை ஒப்பந்தம் செய்த அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கிக்குத்தானே தருகிறார்கள்.

ஜெர்சிவாசி:
ரிக்கிக்குப் பெருமை உண்டு. ஆனால் அவர் தனியாக இருந்து எடுத்த முடிவு என்று நினைக்கக் கூடாது. 1930-களிலிருந்து கறுப்பினப் பத்திரிகைகள் தட்டித் தட்டித்தான் அந்தக் கதவு தளர்ந்தது. லேசி, பிட்ஸ்பர்க் கூரியரின் வெண்டல் ஸ்மித், இன்னும் சிலர்.

1943 டிசம்பரில் ஆணையர் லேண்டிஸும் அணி முதலாளிகளும் கறுப்பினப் பத்திரிகை அதிபர்களைச் சந்திக்க ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சந்திப்புக்காக நாயாய் அலைந்தவர் லேசி. ஆனால் அதிபர்கள் பேச அழைத்துப் போனது பாடகரும் நடிகருமான பால் ராப்சனை. கம்யூனிஸ்ட் சாயல் உள்ள ஒருவரைக் கொண்டுபோனால் முதலாளிகளுக்குச் சாக்குக் கிடைத்துவிடும் என்று லேசிக்கு வருத்தம். அடுத்த மாதமே சிகாகோவை விட்டு பால்டிமோருக்கு வந்துவிட்டார்.

வந்தும் விடவில்லை. 1945-ல் இதை ஆராய ஒரு குழு வேண்டும் என்று முதலாளிகளிடம் கேட்டு வாங்கினார். குழுவில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் சார்பில் ரிக்கி, நியூயார்க் யாங்கீஸ் சார்பில் லாரி மேக்ஃபெயில், கூட லேசி. மேக்ஃபெயிலுக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். குழு கூடவே இல்லை. கடைசியில் ரிக்கி, இது நடக்காது, நான் தனியாகச் செய்கிறேன் என்றார். 1945 அக்டோபர் 23-ஆம் தேதி ராபின்சன் ஒப்பந்தம் வெளியே அறிவிக்கப்பட்டது. அது லேசியின் பிறந்தநாள்.

மேசைவிளக்கு:
அங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி ஆரம்பிக்கிறது. அடுத்த மூன்று வருடம் லேசி ராபின்சனோடு சேர்ந்தே பயணம் செய்தார். 1946 வசந்தத்தில் ஃப்ளோரிடா முகாம், அப்புறம் டாட்ஜர்ஸின் துணை அணி இருந்த மாண்ட்ரியல், 1947-ல் புரூக்ளின். ராபின்சனை எந்த ஓட்டல் சேர்க்கவில்லையோ அது லேசியையும் சேர்க்காது. ராபின்சன் எந்தத் திண்ணையில் சாப்பிட்டாரோ அதே திண்ணையில் இவரும் சாப்பிட்டார். ஜார்ஜியாவில் மேக்கன் என்ற ஊரில் இவர்கள் தங்கிய வீட்டு முற்றத்தில் நிறவெறியர்கள் சிலுவையை எரித்தார்கள். எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் ஒரே வீட்டுக்குள்.

தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஆஃப்ரோ வாரப் பத்திரிகை மாதிரிதான் கடைக்கு வரும். ஆட்டத்தின் முடிவு வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எத்தனை ரன் என்று எழுதி என்ன பயன்? ஆகவே லேசி, நாளிதழ்காரர்கள் போக முடியாத இடத்திலிருந்து எழுதினார். ராபின்சன் எங்கே தூங்கினார், அணியினர் யார் அவரோடு பேசினார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதெல்லாம் வாசகருக்கு வேண்டும். முதல் சில நாட்கள் ராபின்சன் பக்கம் பந்து போகும்போதெல்லாம் தன் தொண்டை அடைத்துக்கொண்டது என்று வெளிப்படையாகவே எழுதினார். நிருபர் அப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் கேட்க மாட்டேன். அந்த ஒரு பந்து தவறினால் இன்னும் பத்து வருடத்துக்கு வாசல் மூடிவிடும் என்று தெரிந்தவருக்குத் தொண்டை அடைக்காமல் என்ன செய்யும்?

நியூ ஆர்லியன்ஸில் ஓர் ஆட்டம். கறுப்பினத்தவர் என்பதால் பிரஸ் பாக்ஸில் லேசியை விடவில்லை. வாசகருக்கு ஆட்டத்தைச் சொல்லாமல் திரும்ப முடியாது. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பிரஸ் பாக்ஸின் கூரைமேல் ஏறி, அங்கே போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் நியூயார்க்கிலிருந்து வந்திருந்த வெள்ளை நிருபர்கள் சிலர் ஒவ்வொருவராக மேலே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் காய வந்தோம் என்றார்களாம். இருபத்தாறு வருடம் பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்தவன் நான். நாற்காலி, மேசை, மின்விசிறி, ஸ்கோர் தாள், தேநீர் எல்லாம் தேடி வரும். அதில் ஒன்றுகூட இல்லாமல் தகரச் சூட்டில் மடியில் நோட்டை வைத்து எழுதும் அந்த மனிதரைத்தான் என் மனதில் வைத்திருக்கிறேன்.

கணக்கு டீச்சர்:
இந்த இடத்தைப் படித்து என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒரு சந்தேகம். பெரிய லீக் கதவு திறந்த பிறகு கறுப்பின லீக் என்ன ஆயிற்று? நல்ல வீரர்கள் எல்லோரும் போய்விட்டால் அந்த அணிகளை நம்பிப் பிழைத்தவர்கள்?

ஜெர்சிவாசி:
அழிந்துபோனது அக்கா. சில வருடங்களிலேயே. ரிக்கி ராபின்சனை எடுத்தபோது அவர் ஆடிக்கொண்டிருந்த கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. அணி முதலாளிகள், மேலாளர்கள், பயிற்சியாளர்கள், சுமாராக ஆடிய நூற்றுக்கணக்கான வீரர்கள், எல்லோர் பிழைப்பும் போனது. லேசிக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த லீகே பிரித்து வைத்ததன் அடையாளம், நாம் ஒழிக்க நினைத்தது அதைத்தானே என்பது அவர் நிலை.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நஷ்டம் முழுவதும் ஒரு பக்கமே விழுந்தது. அதைப் பற்றி இன்னும் உரக்க எழுதியிருக்கலாம். ஆனால் பழைய வீரர்களை அவர் மறக்கவில்லை. தடை இருந்த காலத்தில் ஆடி முதுமை அடைந்தவர்களைப் புகழ்க்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார். 1971-ல் சாட்செல் பெய்ஜ் சேர்க்கப்பட்டார்.

மூன்றாம் ஸ்லிப்:
வெண்டல் ஸ்மித்தையும் லேசியையும் ஒப்பிட்டால்? ரிக்கியிடம் ராபின்சன் பெயரைச் சொன்னவர் ஸ்மித் என்று படித்திருக்கிறேன்.

மேசைவிளக்கு:
ஆமாம், அந்தப் பெருமை ஸ்மித்துக்குத்தான். 1945-ல் பாஸ்டனில் ராபின்சனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் ஒரு சோதனை ஆட்டம் ஏற்பாடு செய்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ராபின்சனோடு பயணம் செய்ய ஸ்மித்துக்கு டாட்ஜர்ஸ் சம்பளமும் கொடுத்தது. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அந்தச் சூழலில் ராபின்சனுக்குத் துணை தேவைப்பட்டது. ஆனால் லேசிக்குச் சம்பளம் தந்தது தன் பத்திரிகை மட்டுமே. 1948-ல் ராபின்சனைக் கடிந்து எழுத முடிந்ததில் அதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அதே வருடம்தான் பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் கறுப்பினத்தவரைச் சேர்க்க ஆரம்பித்தது. லேசி முதல் உறுப்பினர்களில் ஒருவர்.

பெரிய பத்திரிகைகள் அவரைக் கூப்பிட்டன. போகவில்லை. இங்கே நினைத்ததை நினைத்தபடி எழுத விடுகிறார்கள், கொஞ்சம் பணம் குறைந்தால் பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990-களில் ஒரு கிராமத்துக் கபடிப் போட்டிக்குப் போயிருந்தேன். பொங்கலை ஒட்டி நடக்கும், சுற்றுவட்டத்து அணிகள் எல்லாம் வரும். இடைவேளையில் எவர்சில்வர் குடத்திலிருந்து டம்ளரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அணிப் பையன்களை மட்டும் கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றினார்கள். அதில் ஒருவன் அன்று தனியாளாக நான்கு பேரைத் தொட்டுவிட்டு வந்தவன். குவித்த கையில் விழுந்த தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகியது, அவன் முகத்தை நிமிர்த்தவே இல்லை. ஊருக்குத் திரும்பி அதைச் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். காலையில் பார்த்தால் ஆட்ட முடிவும் பரிசுத் தொகையும் இருந்தன, அந்த நான்கு வரி இல்லை. "இடம் பத்தவில்லை" என்றார்கள். நான் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த வருடம் போய் மறுபடி எழுதவும் இல்லை. லேசியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையனின் முழங்கை எனக்கு நினைவுக்கு வரும். 1937-ல் கிரிஃபித் சொன்ன பதிலோடு அவரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

தேரிக்காடு:
ஐயா, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. கடைசிக் காலம் வரை எழுதினார் என்றீர்களே, அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஜெர்சிவாசி:
ஐயா வருவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். ஆறு ஒலிம்பிக் பார்த்து எழுதியவர். ஜோ லூயிஸ், வில்மா ருடால்ஃப், ஆர்தர் ஆஷ் என்று மூன்று தலைமுறை அவர் பத்தியில் வந்து போனது. 1997-ல் பேஸ்பால் எழுத்தாளர்களுக்கான மிக உயர்ந்த விருது கிடைத்தது. ஸ்மித்துக்கு அடுத்து அதை வாங்கிய இரண்டாவது கறுப்பின எழுத்தாளர்.

தொண்ணூறைத் தாண்டியும் வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் அலுவலகத்துக்குத் தானே கார் ஓட்டிப் போவார். 1999-ல் பக்கவாதம் வந்தபின் ஓட்ட முடியவில்லை, அதே பத்திரிகையில் எழுதிய மகனோடு போனார். 2003 மே மாதம் 99 வயதில் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் கடைசிப் பத்தியை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அனுப்பியிருந்தார்.

கணக்கு டீச்சர்:
79 வயதில் கொடியைக் கீழே வைத்த அப்பா. 99 வயதில் பேனாவைக் கீழே வைக்காத மகன்.

தேரிக்காடு:
மேசைவிளக்கு ஐயா, அந்தக் கபடிப் போட்டி இன்னும் நடக்கிறதா?

மேசைவிளக்கு:
நடக்கிறது தம்பி. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை தொடங்கும், இரவு விளக்கு போட்டு இறுதிப் போட்டி. தண்ணீர் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதற்குப் பிறகு நான் போகவே இல்லை. ஊர்ப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். முந்தின நாள் இரவே வந்துவிடுங்கள், நானும் வருகிறேன்.